முதல்ல ஈறைப் பாருங்க

ஜில்லு எங்கள் வீட்டில் இருந்தது மொத்தமே பதிமூன்று நாள். 2021 மாசியில், மகனின் நச்சரிப்பு தாங்காமல், ஓசூர்ப் பக்கம் ஒருவரிடம் 6,000 ரூபாய் கொடுத்து வாங்கி வந்த லேப்ரடார் குட்டி. பிறந்து 45 நாள் என்றார். "ஊசியெல்லாம் போட்டாச்சுங்க, கவலையே வேண்டாம்" என்றார். ஊசி அட்டை எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தர்மபுரி பாரதிபுரத்தில் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறவள் நான். மிஷினுக்கு அடியில் விழுந்து கிடக்கும் வெட்டுத் துணிகளைக் காலால் பிறாண்டிக் குவித்து, அதன்மேல் சுருண்டு படுத்துக்கொள்ளும். ஒரு ஜாக்கெட் தைத்து முடிப்பதற்குள் நாலு தடவை தூங்கி நாலு தடவை எழுந்துவிடும்.

எட்டாம் நாள் காலையில் பால் குடிக்கவில்லை. மதியம் மஞ்சளாக, நுரையாக வாந்தி. "புது இடம், ஒத்துக்கல" என்றார் மாமியார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தயிர்சோறு கரைத்து ஊட்டினேன், அதுவும் வெளியே வந்தது. மறுநாள் மெடிக்கல் கடையில் சொன்னபோது, மனிதர்களுக்கு வாந்தி பேதி நிற்கக் கொடுக்கிற மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். அன்று ராத்திரி பேதியில் ரத்தம். அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்துவிட்டால் பிறகு எங்கே வந்தாலும் அடையாளம் தெரியும். துருப்பிடித்த இரும்பும் அழுகலும் சேர்ந்த மாதிரி இருக்கும்.

பத்தாம் நாள் காலையில்தான் பென்னாகரம் ரோட்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிற அந்த கிளினிக்குக்குப் போனோம். முன்னறையில் ஒரு நீள பெஞ்சு, நாலு பிளாஸ்டிக் சேர். நான் துண்டில் சுற்றிய குட்டியோடு படியேறுவதற்குள் டாக்டரம்மா உள்ளேயிருந்தே கேட்டார்: "வாந்தியா? பேதியில ரத்தம் வருதா? அக்கா, அங்கேயே நில்லுங்க. உள்ளே கொண்டு வராதீங்க. பக்கத்துச் சந்து வழியா பின்னாடி வராந்தாவுக்கு வாங்க." எனக்குச் சுருக்கென்றது. குட்டி சாகக் கிடக்கிறது, வாசலிலேயே நிறுத்துகிறார்களே என்று கண் கலங்கிவிட்டது. பெஞ்சில் இன்னும் இரண்டு குட்டிகள் ஊசிக்காகக் காத்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்த குட்டியின் பேதியில் ஒரு துளி இன்னொரு குட்டியின் காலில் பட்டாலே போதுமாம். ஒரு கிளினிக் நல்ல கிளினிக்கா என்று யாராவது கேட்டால் இப்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்: வாந்தி பேதிக் குட்டியைத் தனி இடத்தில் வைத்துப் பார்க்கிறார்களா என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே மேஜையில் ஏற்றி இறக்குகிற இடத்துக்கு, ஊசி முழுசாக முடியாத குட்டியைக் கொண்டு போகாதீர்கள்.

பேதியில் பஞ்சுக்குச்சியைத் தொட்டுச் சின்ன கிட் ஒன்றில் சோதித்தார்கள். பத்து நிமிஷத்தில் இரண்டு கோடு. பார்வோதான். அதற்குப் பிறகு அந்த அம்மா செய்த காரியம்தான் என் மனசில் நின்றது. ஜில்லுவின் மேல் உதட்டைத் தூக்கி, என் கட்டைவிரலைப் பிடித்து ஈறில் வைத்து அழுத்தினார். "விட்டுட்டுப் பாருங்க. அழுத்தின இடம் வெள்ளையாகும். ரெண்டு செகண்டுக்குள்ள திரும்ப ரோஸ் கலர் வரணும். வருதா?" வரவில்லை. ஒட்டிக்கொள்கிற மாதிரி பிசுபிசுவென்று, வெளுத்த ஈறு. "உடம்புல தண்ணி இல்லைக்கா. நேத்தே இப்படி இருந்திருக்கும்."

குத்திக் காட்டுகிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. காசு விஷயத்தையும் அங்கேயே பேசிவிட்டார். ஒரு நாளைக்கு ட்ரிப்ஸ், வாந்தி நிற்க ஊசி, ஆன்டிபயாட்டிக் எல்லாம் சேர்த்து இவ்வளவு ஆகும், குறைந்தது அஞ்சு நாள், பிழைக்கும் என்று உறுதி கொடுக்கமுடியாது, இரண்டு நாள் தாமதம் ஆகிவிட்டது. "இந்த வைரஸைக் கொல்றதுக்கு மருந்து கிடையாது. உடம்பு சண்டை போடற வரைக்கும் நாம தண்ணியையும் சத்தையும் ஏத்திக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்." முன்னங்காலில் ஒரு பட்டை முடியை மழித்து, ட்ரிப்ஸ் ஏற்றுகிற வென்ஃப்ளான் ஊசிக்குழாயைப் போட்டு, கடித்துவிடாமல் இருக்க நீலப் பட்டை சுற்றினார்கள். வாயில் எதுவும் ஊட்டாதீர்கள், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இப்போது வேண்டாம் என்றார்கள். காலையும் மாலையும் மூன்று நாள் போனோம். பதிமூன்றாம் நாள் விடிகாலை மிஷின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எழவில்லை.

ஏழு மணிக்கு டாக்டரம்மாவே போன் செய்தார், எப்படி இருக்கிறது என்று கேட்க. நான் அழுதேன். முடிகிற வரை பொறுத்திருந்துவிட்டு, நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆழமாகக் குழி எடுத்துப் புதையுங்கள். படுத்த துணிகளை எரித்துவிடுங்கள். வெறும் பினாயில் இதற்குப் போதாது, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, தரையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அதன்மேல் ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். வாசல் மண்ணை எதுவும் செய்யமுடியாது, வெயிலும் நாளும்தான் அதற்கு மருந்து. கடைசியாக, "ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டுக்கு வேற குட்டி வேண்டாம்க்கா."

அது எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அடுத்த மாதமே இன்னொரு குட்டி வாங்கியிருப்போம். மகன் அப்படி அழுதுகொண்டிருந்தான். அதே வாசலில் அதுவும் போயிருக்கும். காரிமங்கலத்தில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் மூன்று குட்டி இப்படி அடுத்தடுத்துச் செத்தது, "நாய் ராசி இல்லாத வீடு" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ராசிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

ஆறு மாதம் கழித்து அந்த கிளினிக்கிலிருந்தே போன் வந்தது. நல்லம்பள்ளிப் பக்கம் பைக் மோதிக் கால் முறிந்து, யாரோ கொண்டுவந்து விட்டுப்போன ஒரு பெட்டை நாட்டு நாய். வயசு ஒன்றரை, இரண்டு இருக்கலாம். கால் கூடிவிட்டது, கருத்தடை ஆபரேஷன் முடிந்துவிட்டது, ஊசிகள் எல்லாம் போட்டாயிற்று. "குட்டிதான் வேண்டாம்னு சொன்னேன். ஊசி முழுசா போட்ட பெரிய நாய் உங்க வீட்டுக்கு வரலாம். வந்து பாருங்க, பிடிக்கலைன்னா பரவாயில்லை." செம்பழுப்பு நிறம், முகம் மட்டும் கறுப்பு. மகன் மயிலி என்று பேர் வைத்தான்.

மாமியார் கூட வந்திருந்தார். "எங்க காலத்துல நாய்க்கு எந்த ஊசிம்மா போட்டோம்? கூழு ஊத்தினோம், கெடந்துச்சு" என்றார். டாக்டரம்மா கோபப்படவில்லை. "நீங்க சொல்றது சரிதாம்மா. அந்தக் காலத்துல இந்த நோயே இல்லை. 1978லதான் உலகத்துக்கே தெரிய வந்துச்சு, ஒண்ணு ரெண்டு வருஷத்துல எல்லா நாட்டுக்கும் பரவிடுச்சு." மாமியார் பதில் சொல்லவில்லை, ஆனால் அன்றிலிருந்து ஊசித் தேதியை அவர்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்.

ஏன் குட்டிக்கு அத்தனை தடவை ஊசி என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். தாய்ப்பாலில் வந்த காப்பு குட்டியின் உடம்பில் இருக்கிற வரை, நாம் போடுகிற தடுப்பூசியை அது வேலை செய்யவிடாது. அந்தக் காப்பு எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறு. அதனால் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் தாண்டும் வரை போடவேண்டும். 45 நாள் குட்டிக்கு "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று ஒருவர் சொன்னால், அது நடந்திருக்கவே முடியாது. அட்டையில் மருந்துப் புட்டியிலிருந்து உரித்த ஸ்டிக்கர், தேதி, டாக்டர் கையெழுத்து மூன்றும் இருக்கவேண்டும். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டியது. ஐஸ் இல்லாமல் கேரி பேக்கில் கொண்டுவந்து யாராவது போட்டால் அது தண்ணீர் போட்ட மாதிரிதான்.

மயிலி வந்த பிறகு அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்த நேரம் கொஞ்சநஞ்சமில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே ஒரு தனி ஊரே கூடும். பாலக்கோட்டிலிருந்து தக்காளி வண்டியில் சிப்பிப்பாறை நாயோடு வருகிற அண்ணன், துண்டில் பொதிந்த ஆட்டுக்குட்டியோடு ஒரு பாட்டி, கூண்டில் கிளி. பாட்டியின் ஆட்டுக்குட்டி ரேஷன் அரிசியை வயிறு முட்டத் தின்று உப்பிப் போயிருந்தது. பார்த்து முடித்து, "இதுக்கு மாட்டாஸ்பத்திரியிலயே இலவசமா பார்ப்பாங்க ஆயா, நாளைக்கு அங்கே காட்டிக்கோங்க. ராத்திரி பஸ் கிடைக்காதேன்னுதான் நான் மருந்து கொடுத்தேன்" என்று காசு வாங்காமல் அனுப்பினார். பண்ணை மாடு ஆடுகளுக்கு அவசரம் என்றால் 1962க்கு போன் செய்யலாம் என்பதும் அங்கே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது.

எனக்கு அந்த பெஞ்சில் புரிந்தது, இந்த டாக்டரம்மா எல்லோருக்கும் ஈறு பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார் என்பது. எனக்கு மட்டும் சொன்னது என்று நினைத்திருந்தேன். பழக்கமில்லாத நாய் என்றால் கடித்துவிடும், ஆகவே உடம்பு நன்றாக இருக்கிற நாளிலேயே தினமும் ஒரு தடவை உதட்டைத் தூக்கிப் பாருங்கள், அதற்கும் பழகும், உங்களுக்கும் அதன் சாதாரண நிறம் தெரியும் என்பார். சில நாட்டு நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும், அதற்குக் கண்ணின் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்க்கவேண்டும். மயிலிக்குப் பாதிக் கறுப்பு, பாதி ரோஸ்.

ஈறில் வரக்கூடாத நிறம் ஒன்றை நான் கண்ணால் பார்த்தேன். காலேஜ் படிக்கிற ஒரு பெண், பூனையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். காய்ச்சல் மாதிரி இருந்தது என்று பாராசிட்டமால் அரை மாத்திரை கொடுத்திருக்கிறாள். பூனையின் முகம் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உதட்டைத் தூக்கியபோது ஈறு ரோஸும் இல்லை, வெள்ளையும் இல்லை. டிகாஷன் ஊற்றின மாதிரி பழுப்பு. பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தைக் கழிக்கத் தெரியாதாம், அதனால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கமுடியாமல் போய்விடுகிறது. மாற்று மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாள் கழித்து அந்தப் பூனை கூண்டுக்குள் மீன் தின்றதைப் பார்த்தபோது பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் சந்தோஷம். நாய்க்கும் பாராசிட்டமாலோ, நாம் உடம்பு வலிக்குப் போடுகிற இபுப்ரோஃபென் மாத்திரையோ வீட்டில் கொடுக்கவே கூடாது. காய்ச்சல் என்று நாம் நினைப்பதே பல நேரம் காய்ச்சல் இல்லை. நாய் பூனையின் இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி. நம் கையால் தொட்டால் எப்போதும் சூடாகத்தான் இருக்கும்.

அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடியில் கட்டிப்போட்ட பக் நாய் ஒன்று, செங்கல் நிற ஈறோடு வந்தது. நாயின் சொந்தக்காரர் வழியில் போனில் கேட்டபோது டாக்டரம்மா, ஐஸ் வைக்காதீர்கள், சாதாரணத் தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றிக் காற்றுப் படும்படி வண்டியில் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அது பிழைத்தது.

போன வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு மயிலியின் முறை வந்தது. ஒருநாள் தட்டில் பாதியை வைத்துவிட்டது. உடம்பு சுடவில்லை, வாந்தி இல்லை, கேட் சத்தத்துக்கு எழுந்து வாலும் ஆட்டியது. ஜில்லுவுக்கு முன்னால் இருந்த நானாக இருந்தால் "இன்னிக்குப் பசி இல்லை போல" என்று விட்டிருப்பேன். அன்று ராத்திரி உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரோஸாக இருக்கவேண்டிய பகுதி கஞ்சி போட்ட வேட்டி மாதிரி இருந்தது. உள்ளங்கால் இடுக்கிலும் காது மடிப்பிலும் பார்த்தால் உண்ணி, மிளகு மாதிரி ஏழெட்டு. ஒன்பதரை மணிக்கு போன் செய்தேன். "கிளம்பி வாங்கக்கா, திறந்து வைக்கிறேன்."

ரத்தம் எடுத்துப் பார்த்ததில், ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்கள் 38,000. நாய்க்கு ஒன்றரை, இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கவேண்டியது. உண்ணிக் காய்ச்சல். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மூக்கில் ரத்தம் வந்திருக்கும் என்றார். டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 28 நாள். சோற்றோடு கொடுத்து மேலே தண்ணீர் குடிக்கவைக்கவேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் தொண்டைக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஆறாம் நாளே மயிலி துள்ள ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்காரர் "நல்லாத்தானே இருக்கு, நிறுத்திடலாமே" என்றார். மாத்திரை விலை அவருக்குத் தெரியும். நான் மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் தையல் சாக்பீஸால் தினம் ஒரு கோடு போட்டேன். இருபத்தெட்டுக் கோடு முடிந்து மறுபடி ரத்தம் பார்த்தபோது தட்டணு 2,10,000. கோடுகளை இன்னும் அழிக்கவில்லை.

உண்ணியைப் பற்றி நம் பக்கத்தில் செய்கிற இரண்டு தவறுகளை இங்கே சொல்லியே ஆகவேண்டும். ஒன்று, மண்ணெண்ணெய் தடவுவது, விரலால் நசுக்குவது. சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடவேண்டும். மற்றது, மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குப் பூசுவது. பால் மாடு வைத்திருக்கிற ஒருவர் அப்படிப் பூசிய நாயை, வாயில் எச்சில் வழிய, உடம்பு வெடவெடவென்று நடுங்கக் கொண்டுவந்தார். உடனே சோப்புப் போட்டுக் கழுவி, ராத்திரி முழுக்க ட்ரிப்ஸில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். நாய் மேல் இருப்பதைவிடச் சுவர் வெடிப்பில்தான் உண்ணி அதிகம் இருக்கும். நாங்கள் திண்ணை வெடிப்பை எல்லாம் சிமென்ட் குழைத்து அடைத்தோம். அதற்குப் பிறகுதான் குறைந்தது.

இன்னொரு ராத்திரி. தெருநாய் ஒன்று மயிலியின் கழுத்தைக் கவ்விவிட்டது. நான் வெறுங்கையால் விலக்கினேன். ரத்தத்தோடு தூக்கிக்கொண்டு போனால், டாக்டரம்மா மயிலியைத் தொடும் முன் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கீறல் எப்ப வந்துச்சு?" நான் பார்க்கவே இல்லை. வாஷ்பேசினில் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில், கம்பவுண்டர் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, பதினைந்து நிமிஷம் கழுவவைத்தார். மஞ்சள் வைக்கக்கூடாது, சுண்ணாம்பு வைக்கக்கூடாது, கட்டுப் போடக்கூடாது. "மயிலியை நான் பார்த்துக்கறேன். நீங்க இப்பவே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுட்டு வாங்க. காலையில போறேன்னு சொல்லாதீங்க. வெறிநோய் வந்த பிறகு மருந்து கிடையாதுக்கா." தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அன்றே முதல் ஊசி, பிறகு 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள், காசில்லாமல். மயிலிக்கு வருஷ ஊசி முடிந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, இருந்தாலும் அன்றைக்கே மறுபடி ஒரு ஊசி போட்டு, 45 நாள் கண்காணிக்கச் சொன்னார்.

முடியாததை முடியாது என்று சொல்வதும் அங்கே பழக்கம். சிப்பிப்பாறை அண்ணனின் நாய்க்கு வயிற்றில் கட்டி என்றதும், "ஸ்கேன், ஆபரேஷன் எல்லாம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில நல்லா பண்ணுவாங்க, நான் எழுதித் தர்றேன்" என்று அன்றே சீட்டுக் கொடுத்து அனுப்பினார். அது திரும்பி வரவில்லை. ஆனால் அண்ணன் திரும்பி வந்தார், மீதியிருந்த மாத்திரைகளையும் சாப்பாட்டுத் தட்டையும் வேறு நாய்க்கு ஆகட்டும் என்று கொடுக்க. கொடுத்துவிட்டு அந்த பெஞ்சில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை. கம்பவுண்டர் அண்ணன் டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார்.

மயிலியின் முன்னங்காலில் வென்ஃப்ளானுக்காக மழித்த இடத்தில் முடி கொஞ்சம் கருப்பாக வளர்ந்திருக்கிறது. அட்டை, ரேஷன் கார்டு இருக்கிற அதே பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது. வருகிற 19ஆம் தேதி ரேபிஸ் ஊசி. மாமியார் காலண்டரில் அன்றைக்கு மஞ்சள் பொட்டு வைத்திருக்கிறார்.